முப்பத்து மூன்று, முப்பத்தைந்து

என் தம்பியை எல்லோரும் வாயில்லாப் பூச்சி என்பார்கள். அவன் பெண்சாதி சொல்வாள், அக்கம்பக்கத்தார் சொல்வார்கள், நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் கல்லூரியில் வாசல் காவலாளியிலிருந்து முதல்வர்வரை சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாய் இல்லாதவனுக்கு மனசும் இல்லை என்று யார் எழுதிக் கொடுத்தது? எங்கள் வீட்டு வாய் மொத்தத்தையும் நானே எடுத்துக்கொண்டேன், அவனுக்கு மிச்சம் வைக்கவில்லை என்று அம்மா இருந்தவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அது உண்மைதான். அவன் பேச வேண்டியதையும் சேர்த்து நாற்பது வருடமாக நான்தான் பேசுகிறேன். இதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் வகுப்புகளைப் படம் பிடிப்பது அவன் வேலை. அதற்கு முன்னால் ஒரு கல்யாண வீடியோ கடையில் இருந்தான். முறைத்துக்கொண்டு நின்ற சம்பந்தி, சாப்பாட்டுப் பந்தியில் நடந்த சண்டை, மூக்கைச் சிந்திய மாப்பிள்ளை எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, எல்லோரும் சிரிக்கிற கல்யாணமாக ஒட்டிக் கொடுப்பான். அந்தக் கைத்திறமையைச் சொல்லித்தான், கல்லூரித் தேர்வுப் பிரிவில் எழுத்தராக இருக்கும் நான், முதல்வரிடம் நச்சரித்து அவனை உள்ளே கொண்டுவந்தேன். ஒன்பது வருடம் ஆகிறது. வருடா வருடம் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கிற வேலை. முதல்வர் ஒரு வருடம் பேனாவை எடுக்காவிட்டால் அவ்வளவுதான், வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஓர் அறையை அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு கணினித் திரை, ஒரு சுழலாத நாற்காலி, மெத்தை கிழிந்ததால் பனியன் துணி சுற்றிய ஹெட்போன். அதை மாட்டிக்கொண்டான் என்றால் பக்கத்தில் போய்த் தோளைத் தட்டினால்தான் திரும்புவான். அந்தக் கிண்ணத்தைக் காதில் கவிழ்த்துக்கொண்டால் வீடே இடிந்தாலும் இவருக்குத் தெரியாது அண்ணி என்று அவன் பெண்சாதி என்னிடம் நூறு தடவையாவது புலம்பியிருப்பாள்.

அவன் வேலை முறையை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். கேமரா வகுப்பின் பின்சுவரோரம் நிற்கும். அதற்குப் பேச்சு சரியாகக் கேட்காது என்பதால், ஆசிரியர் மேஜையில் தனியாக ஒரு மைக் வைத்து ஒலியைத் தனியாகப் பதிவு செய்வான். பிறகு படத்தையும் ஒலியையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போகாமல் இருக்க ஒரு வழி உண்டு. பதிவு தொடங்கியதும் கரும்பலகைக்கு முன்னால் யாராவது ஒருவர் நின்று தேதியையும் பீரியடையும் சொல்லிவிட்டு, பளாரென்று ஒருமுறை கை தட்ட வேண்டும். கை சேர்கிற படமும் தட்டல் சத்தமும் பொருந்திவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பொருந்திவிடும். இவன் பின்னால் கேமராவைப் பிடித்துக்கொண்டிருப்பதால், முதலில் வந்து உட்காருகிற மாணவர் யாரோ அவரைத் தட்டச் சொல்வான். அதனால் பிள்ளைகள் இவனுக்குக் கைதட்டு அண்ணன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இந்தக் கைதட்டலெல்லாம் வெளியே போகும் வீடியோவில் இருக்காது. பாடம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது முதல்வர் உத்தரவு. வருகைப் பதிவு, இருமல், பெஞ்சு இழுக்கிற சத்தம், மாணவர்கள் கேட்கும் கேள்வி எல்லாம் போய்விடும். எங்கே வெட்டினான், எங்கே ஒட்டினான் என்று ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. அதில் அவனுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. வெட்டுவதற்கு முந்தைய முழுப் பதிவை மாதக் கடைசியில் அழித்துவிட வேண்டும் என்றும் உத்தரவு இருந்தது. அதை மட்டும் அவன் செய்ததில்லை. பழைய டிஸ்க்குகளில் போட்டு, தேதி எழுதி, வீட்டில் செருப்புப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தான். ஏனடா என்று கேட்டால், தப்பா வெட்டிட்டேன்னா திரும்பப் பாக்கணுமே என்பான். செருப்பு வெளியே கிடக்கிறது, குப்பை பெட்டிக்குள் இருக்கிறது என்று அவன் பெண்சாதி கத்துவாள்.

போன பருவத் தேர்வு சமயத்தில் நடந்தது இது. எழுபத்தைந்து சதவீதம் வருகை இல்லாதவர்கள் தேர்வு எழுத முடியாது. ஆசிரியர்கள் தரும் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவதும், தடைப் பட்டியலை அடித்து ஒட்டுவதும் என் வேலை. பதினாறு பெயர்களை ஒட்டியிருந்தேன். அன்று காலையிலிருந்து என் ஜன்னலில் ஒரே கூட்டம். பாட்டி செத்துவிட்டாள், பஸ் வரவில்லை என்று ஆளாளுக்கு ஒரு கதை. எனக்குத் தலை வெடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒல்லியாக ஒரு பெண் வந்து நின்றாள். கணக்குப் பாடத்தில் வருகை போதவில்லை. வருகை எண் முப்பத்து நான்கு.

காய்ச்சலில் படுத்த எட்டு நாள் தவிர ஒரு வகுப்பும் விட்டதில்லை என்றாள். பதிவேட்டில் அந்த எட்டுக்கு மேல் இன்னும் பதினோரு சிவப்புக் குறி இருந்தது. எல்லாம் தொடர்ச்சியாக, கடைசிப் பதினோரு வகுப்பில். அதை எடுத்துக் காட்டினேன்.

"இந்த வருஷம் போச்சுன்னா வீட்டுல படிப்பையே நிறுத்திடுவாங்க மேடம். நான் தினமும் வந்தேன். தினமும் கை தட்டினதே நான்தான்."

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். வகுப்புக்கு வராமல் ஊரைச் சுற்றிவிட்டு ஜன்னலில் வந்து கண்ணைக் கசக்கினால் வருகை முளைத்துவிடுமா என்று கேட்டேன். கை தட்டியதற்கெல்லாம் வருகை போடுவதற்கு இது என்ன நாடகக் கொட்டகையா என்றும் கேட்டேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் கண்ணைக் கசக்கவே இல்லை. நானாகத்தான் அப்படிச் சொன்னேன். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் தம்பி வீட்டில் சாப்பாடு. வாய் சும்மா இருக்குமா? ஜன்னலில் கேட்ட கதைகளையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். கைதட்டல் கதையைச் சொல்லும்போது நானே சிரித்தும் விட்டேன். தம்பியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"எத்தனாம் நம்பர்க்கா?"

சொன்னேன். எழுந்து போய்க் கையைக் கழுவினான். செருப்புப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேஜையிலேயே மடிக்கணினியைத் திறந்தான். ஹெட்போனை மாட்டவில்லை. நாங்களும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டான்.

முதலில் ஒரு வகுப்பின் நடுப்பகுதியைப் போட்டான். கணக்குப் பேராசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் எட்டுக்கட்டை. மைக்கே இல்லாமல் மூன்றாவது கட்டிடம்வரை கேட்கும் குரல். எங்கள் கல்லூரி வீடியோக்களிலேயே அதிகம் பேர் பார்ப்பது அவருடையதுதான். வாசலில் அவர் படத்தை ஆள் உயரத்துக்கு வைத்திருக்கிறார்கள். அன்று ஒரு பலகை நிறைய எழுதி முடித்து, விடை பொருந்தாமல் முழித்துக்கொண்டு நின்றார். அப்போது முன்பெஞ்சிலிருந்து ஒரு குரல், மூன்றாவது வரியில் மைனஸ் விட்டுப்போயிருக்கிறது சார் என்றது. வகுப்பு லேசாகச் சிரித்தது. எட்டுக்கட்டை திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

வகுப்பு முடிந்ததும் காலி அறையில் தம்பியை நிறுத்திவைத்து, அந்தக் கணக்கை மட்டும் சரியாக எழுதி மறுபடி படம் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். இவனும் பிடித்து, பழையதை வெட்டி, புதியதை ஒட்டி, அந்தக் குரலை அடியோடு காணாமல் செய்துவிட்டான். வெளியே போன வீடியோவில் பேராசிரியர் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் கணக்குப் போடுகிறார்.

பிறகு, அதற்கு அடுத்த வகுப்பின் தொடக்கத்தைப் போட்டான். காலை எட்டு ஐம்பது. என் ஜன்னலில் நின்ற அதே பெண் கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்று தேதியைச் சொல்லி, முதல் பீரியட் என்று சொல்லி, கை தட்டினாள். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் வந்து நிறைந்தார்கள். எட்டுக்கட்டை வந்தார். வருகைப் பதிவைத் திறந்தார்.

"முப்பத்தி ரெண்டு." பிரசன்ட் சார். "முப்பத்தி மூணு." பிரசன்ட் சார். "முப்பத்தஞ்சு."

ஒரு பையன் குரல் தயங்கித் தயங்கிப் பிரசன்ட் என்றது. அதற்குள் அவள், "சார், முப்பத்தி நாலு" என்றாள். பேராசிரியர் முப்பத்து ஆறைக் கூப்பிட்டார்.

பதினோரு வகுப்பையும் கேட்டோம். இரண்டாவது நாள் எழுந்து நின்று சொன்னாள். நான்காவது நாள் இரண்டு தடவை சொன்னாள். ஆறாவது நாள், வகுப்பு முடிந்து அவர் கிளம்பும்போது மேஜைக்குப் பக்கத்தில் வந்து கேட்கிறாள், நீ வந்திருந்தா நான் பாத்திருப்பேனே என்கிறார் அவர். ஏழாவது நாளிலிருந்து அவள் எதுவும் சொல்லவில்லை. முப்பத்து மூன்று, முப்பத்தைந்து, அவ்வளவுதான். அந்த முப்பத்தைந்தாம் எண் பையன் நாளுக்கு நாள் குரல் இறங்கிப் போனான். வகுப்பில் அறுபது பேர் இருக்கிறார்கள். அகமதிப்பெண் அவர் கையில் இருப்பதால் அறுபது வாயும் ஒட்டிக்கொண்டது. ஆனால் பதினோரு நாளும் எட்டு ஐம்பதுக்கு அவள் வந்து தேதி சொல்லிக் கை தட்டியிருக்கிறாள். எட்டு ஐம்பதுக்கு இருந்தவள் ஒன்பது மணிக்கு இல்லாமல் போயிருக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்தில் முதல் வெட்டு யாருக்கு விழும்? பக்கத்தில் இருந்தவனுக்குத்தான். தினமும் காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு மூச்சையும் கேட்கிறாயே, இது கேட்கவில்லையா என்று எகிறினேன். உன் காது எதற்கு, சுவரில் மாட்டவா என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

"கேட்டுச்சுக்கா. பாடத்துக்கு முன்னாடி வர்றதை நான் காதுல வாங்கறதில்ல. எங்க வெட்டணும்னு மட்டும்தான் பாப்பேன்."

அழுதானா என்றால் இல்லை. அழுதிருந்தால்கூட இரண்டு திட்டோடு விட்டிருப்பேன். சொல்லிவிட்டு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வெட்டி எறிந்த அந்த நாட்களைத்தான் வரவில்லை என்று நான் பதிவேட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்திருக்கிறேன், பதினோரு தடவை, டீ குடித்துக்கொண்டே. அவனைத் திட்டியதில் பாதி எனக்குச் சேர வேண்டியது என்று எனக்கே தெரிந்தது. அதனால் இன்னும் அதிகமாகக் கத்தினேன்.

அவன் பெண்சாதிதான் கேட்டாள், இதை வெளியே எடுத்தால் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமா அண்ணி என்று. ஆகலாம் என்றேன்.  அவள் போய் ஒரு பிளாஸ்டிக் பை எடுத்துவந்து, மழை வருகிற மாதிரி இருக்கிறது, பெட்டி நனையாமல் கொண்டுபோங்கள் என்று கொடுத்தாள்.

மறுநாள் நான் போய் நச்சரித்ததில், முதல்வர் அறையில் ஐந்து பேர் கூடினோம். முதல்வர், எட்டுக்கட்டை, பதிவேட்டோடு நான், மடிக்கணினியோடு தம்பி, சுவரோரமாக அந்தப் பெண். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நுழைவுச் சீட்டுக் கொடுக்க இரண்டு நாள்தான் மிச்சம். முப்பது வருடத்தில் தன் பதிவேட்டில் தப்பு வந்ததில்லை என்று எட்டுக்கட்டை காலை ஆட்டிக்கொண்டே சொன்னார். முதல்வர் நல்லவர் மாதிரி ஒரு வழி சொன்னார். உடம்பு சரியில்லாமல் பதினோரு நாள் வரவில்லை, மன்னிக்கவும் என்று அந்தப் பெண் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். பேராசிரியரிடமும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட வேண்டுமாம். அப்புறம் அவர் பார்த்து அனுமதி கொடுப்பாராம். வந்தவள் வரவில்லை என்று தன் கையாலேயே எழுதித் தர வேண்டும். எனக்கு வாய் துறுதுறுத்தது. அதற்குள் என் தம்பி வாயைத் திறந்தான்.

"சார், நாலு நிமிஷம் இருக்கு. கேட்டுட்டுச் சொல்லுங்க."

விடியற்காலையில் எழுந்து அவன் செய்து வைத்திருந்த வேலை அது. ஒன்பது வருடமாகப் பாடத்தை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்தவன், இந்தத் தடவை பாடத்தையெல்லாம் எறிந்துவிட்டு மற்றதை ஒட்டியிருந்தான். தேதி, முதல் பீரியட், கைதட்டல், முப்பத்து மூன்று, முப்பத்தைந்து. அடுத்த தேதி, கைதட்டல், முப்பத்து மூன்று, முப்பத்தைந்து. எட்டுக்கட்டையின் குரல் அந்த அறைக்குப் பெரிதாக இருந்தது. சத்தத்தைக் கொஞ்சம் குறையப்பா என்றார் முதல்வர். என் தம்பி குறைக்கவில்லை.

நான்கு நிமிடமும் ஓடி முடிந்தது. எட்டுக்கட்டை ஆட்டிக்கொண்டிருந்த காலை நிறுத்தியிருந்தார். பிறகு, வேலைப் பளுவில் கவனக்குறைவாக விட்டுப்போயிருக்கலாம் என்றார்.

"பதினோரு தடவையா சார்? ஒரு மைனஸ் விட்டுப்போச்சுன்னு அந்தப் பொண்ணு ஒரே ஒரு தடவை சொன்னதுக்கே உங்களுக்குத் தாங்கலையே."

தம்பி என் முழங்கையைத் தொட்டான். அப்படியும் நான் நிறுத்தியிருக்க மாட்டேன். ஆனால் முதல்வர் பேனாவை எடுத்துவிட்டார். தடை நீக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, இந்தப் பேச்சு இந்த அறையோடு இருக்கட்டும் என்றார்.

நுழைவுச் சீட்டை நானே அடித்து நானே கொடுத்தேன். ஜன்னல் வழியாகக் கொடுக்க மனம் வரவில்லை, கதவைத் திறந்து வெளியே போய்க் கொடுத்தேன். அன்றைக்கு உன்னிடம் கத்தியது தப்பு என்றேன். என் வாழ்க்கையில் நான் அதிகம் சொல்லாத வாக்கியம் அது. அவள் சீட்டில் பெயரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், எண்ணை விரல் வைத்து இரண்டு தடவை பார்த்தாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? நன்றி மேடம் என்றுவிட்டுப் போனாள்.

தேர்வு எழுதினாள், தேறினாள். எட்டுக்கட்டைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு நோட்டீஸ் இல்லை, ஒரு கேள்வி இல்லை. வாசலில் அவர் படம் ஆள் உயரத்துக்கு அப்படியே நிற்கிறது, தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். புதுப் பருவம் தொடங்கியது. அதே வகுப்பு, அதே முதல் பீரியட், அதே பேராசிரியர்.

முதல் வாரத்திலேயே முதல்வர் என்னைக் கூப்பிட்டு, ஒரு சுற்றறிக்கையை அடித்துத் தரச் சொன்னார். கையால் எழுதிய நான்கு வரி. இனிமேல் வகுப்புப் பதிவை, வருகை எடுத்து முடித்த பிறகே தொடங்க வேண்டும். முழுப் பதிவுகளை அன்றன்றே அழிக்க வேண்டும். இதை இரண்டு தடவை படித்தேன். இத்தனையும் கேட்டுவிட்டு இவர்கள் கற்றுக்கொண்டது இதுதானா? வருகையை ஒழுங்காக எடு என்று ஒரு வரி அதில் இல்லை. கேட்கிற காதை மூடு என்று மட்டும் இருந்தது.

"இத நான் அடிக்கமாட்டேன் சார். அந்தப் பதினோரு நாளையும் அடிச்சது இந்தக் கைதான்."

முதல்வர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் காகிதத்தை வாங்கிக்கொண்டார். பக்கத்து மேஜைப் பெண் அடித்தாள், நான்கு மணிக்கு அறிவிப்புப் பலகையில் ஏறிவிட்டது. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. மேஜை இழுப்பறையில் கிடக்கிறது, இன்னும் பதில் எழுதவில்லை. தம்பி சுற்றறிக்கையை நிதானமாகப் படித்தான். அப்படியே செய்கிறேன் சார் என்று முதல்வரிடம் சொல்லிவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டதும், அடப் பாவி, நீ வாயில்லாப் பூச்சியேதானா என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. அன்று அவன் வீட்டுக்குப் போகவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, திங்கட்கிழமை வகுப்பின் வீடியோ வெளியே வந்தது. அலுவலகக் கணினியில் போட்டேன். சுற்றறிக்கையில் சொன்னபடியே வருகை எடுத்த பிறகுதான் பதிவு தொடங்கியிருந்தது. எட்டுக்கட்டை சாக்பீஸோடு கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறார். ஆனால் பதிவு தொடங்கினால் கை தட்டியாக வேண்டுமே, அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் இல்லை. முன்பெஞ்சிலிருந்து அந்தப் பெண் எழுந்து வந்தாள். அவள் நிற்க இடம் வேண்டும் என்பதால் பேராசிரியர் ஓரமாக ஒதுங்க வேண்டியதாயிற்று. ஒதுங்கினார். அவள் கேமராவைப் பார்த்துத் தேதியைச் சொன்னாள்.

"முதல் பீரியட். முப்பத்தி நாலு, வந்திருக்கேன்."

பளாரென்று ஒரு தட்டல். போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் பாடம். ஒன்பது வருடத்தில் வெளியே போன வீடியோ எதிலும் அந்தக் கைதட்டல் இருந்ததில்லை. ஆயிரக்கணக்கான பேர் அதற்குள் பார்த்திருந்தார்கள்.

பத்து நிமிடத்தில் என் மேஜைத் தொலைபேசி அடித்தது. முதல்வர்தான். உன் தம்பியைக் கூப்பிட்டால் எடுக்கமாட்டேன் என்கிறான், ஹெட்போனில் இருப்பான் போலிருக்கிறது, வீடியோவின் முன்பக்கத்தை வெட்ட மறந்துவிட்டான், உடனே போய்ச் சொல் என்றார்.

"மறக்கல சார்" என்றேன்.